கண்டன்சேட் பம்பு கேட்டால் நாங்கள் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "போன தடவை வாங்கின அதே பம்பு இன்னொன்று அனுப்புங்கள்" என்று கேட்பவர்களுக்கு நாங்கள் உடனே விலை சொல்வதில்லை. மணிக்கு எத்தனை கிலோ ஸ்டீம் செலவாகிறது, கண்டன்சேட் (ஸ்டீம் குளிர்ந்து ஆகும் சுடுதண்ணீர்) எந்தச் சூட்டில் திரும்பி வருகிறது, எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும், போய்ச் சேரும் தொட்டி திறந்ததா மூடியதா என்று திருப்பிக் கேட்கிறோம். பம்பு நின்றுபோய், நல்ல சுடுதண்ணீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படிக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் எங்கள் பட்டறைக்கு ரிப்பேருக்கு வரும் கண்டன்சேட் பம்புகளில் பலவற்றின் கோளாறு பம்பில் தொடங்கியதே இல்லை. அளவு பொருந்தாமல் வாங்கியிருப்பார்கள், அல்லது எங்கோ ஒரு ஸ்டீம் ட்ராப் (ஸ்டீமைத் தடுத்து கண்டன்சேட்டை மட்டும் வெளியே விடும் வால்வு) ஒழுகியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் அதே பம்பை மறுபடி மாட்டினால் அதே சீல் (தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் பாகம்) மறுபடி போகும்.

கண்டன்சேட்டைத் திருப்பி எடுப்பதன் லாபம் உங்களுக்குத் தெரியாததல்ல. 100 டிகிரி கண்டன்சேட் ஒவ்வொரு கிலோவிலும், 30 டிகிரி தண்ணீரைவிட ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் கூடுதலாக இருக்கிறது. ஏற்கெனவே மென்மையாக்கிய தண்ணீர் என்பதால் அந்தச் செலவும் மிச்சம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் ஓட்டத்தின் அளவு. மணிக்கு 800 கிலோ ஸ்டீம் குளிர்ந்தால் மணிக்கு 800 கிலோ தண்ணீர்தான் வரும், அதற்கேற்ற பம்பு போதும் என்று தோன்றும். போதாது. காலையில் இயந்திரங்களும் குழாய்களும் ஆறிக் கிடக்கும்போது ஸ்டீம் திறந்தால், வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கண்டன்சேட் ஒரே மூச்சில் வந்து சேரும். அதனால் ஓடும் சுமையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பம்பின் திறன் இருக்கட்டும் என்பது நடைமுறை. 800 கிலோவுக்கு மூன்று மடங்கு 2400, அதாவது நிமிடத்துக்கு 40 லிட்டர். கண்டன்சேட் வந்து சேரும் ரிசீவர் தொட்டியில் பம்பு ஓடத் தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் நடுவே அதே 40 லிட்டர் இடம் விட்டால், சாதாரண ஓட்டத்தில் தொட்டி நிரம்ப 3 நிமிடம், காலியாக ஒன்றரை நிமிடம் ஆகும். மணிக்குப் பதின்மூன்று தடவை மோட்டார் ஸ்டார்ட் ஆகும். பெரும்பாலான சிறிய மோட்டார்களுக்கு இது தொந்தரவில்லை. சிறிய தொட்டியின் மேல் பெரிய பம்பை வைத்தால் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நிற்கும். அப்புறம் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கருகுகிறது என்று கூப்பிடுவார்கள்.

அடுத்தது ஹெட், அதாவது பம்பு தண்ணீரை எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தள்ள வேண்டும் என்ற கணக்கு. 6 மீட்டர் ஏற்றம், குழாய் உராய்வுக்கு 3 மீட்டர், கொஞ்சம் கையிருப்பு என்று சேர்த்தால் 11 அல்லது 12 மீட்டர். போய்ச் சேரும் தொட்டி 0.2 பார் அழுத்தத்தில் இருக்கும் டீஏரேட்டராக (பாய்லர் தண்ணீரில் கரைந்த காற்றை நீக்கும் தொட்டி) இருந்தால் இன்னும் 2 மீட்டர் சேர்க்க வேண்டும். "பாதுகாப்புக்கு 30 மீட்டர் பம்பாகவே கொடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்கள்தான் எங்களிடம் அதிகம் வாக்குவாதம் செய்வார்கள். 30 மீட்டருக்கு வடிவமைத்த பம்பு 12 மீட்டர் எதிர்ப்பை மட்டும் பார்த்தால் சும்மா இருக்காது. ஹெட் குறையக் குறைய ஓட்டம் கூடுவதைக் காட்டும் தன் வளைகோட்டின் கடைசி முனைக்கு ஓடி, எதிர்பார்த்ததைவிட அதிகத் தண்ணீரைத் தள்ளும். மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், ஓவர்லோடு ரிலே தட்டும். அதைவிட மோசம், அந்த முனையில் பம்புக்கு உறிஞ்சு பக்கத்தில் தேவைப்படும் அழுத்தமும் கூடிவிடும். கண்டன்சேட் விஷயத்தில் அங்கேதான் நம்மிடம் கையிருப்பே கிடையாது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். திறந்த தொட்டியில் 100 டிகிரியில் நிற்கும் தண்ணீர் கொதிக்கும் விளிம்பில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரைப் பம்புக்குள் தள்ள வளிமண்டலம் கொடுக்கும் உதவி இங்கே கிடையாது. பம்பின் மையத்துக்கு மேல் தண்ணீர் எத்தனை மீட்டர் நிற்கிறதோ, அதில் உறிஞ்சு குழாயின் உராய்வு போக மிச்சம் மட்டுமே கிடைக்கும் என்.பி.எஸ்.எச். (தண்ணீர் ஆவியாகாமல் பம்புக்குள் நுழைய உதவும் அழுத்தக் கையிருப்பு). தொட்டி அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் கையில் இருப்பது அரை மீட்டருக்கும் குறைவு. அதே தண்ணீர் 95 டிகிரியில் வந்தால் ஏறத்தாழ 1.8 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். 90 டிகிரியானால் 3.3 மீட்டர். ஐந்து, பத்து டிகிரியில் இவ்வளவு வித்தியாசம். அதனால்தான் சூட்டைப் பற்றி இத்தனை துருவுகிறோம். "சூடாகத்தான் இருக்கும்" என்ற பதில் எங்களுக்கு உதவாது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது ட்ராப்புக்கும் பம்புக்கும் உள்ள தொடர்பு புரியும். எல்லா ட்ராப்பும் ஒழுங்காக வேலை செய்யும்போது, திரும்பும் வழியில் ஆறி 88, 90 டிகிரியில் வரும் தண்ணீரை உங்கள் பம்பு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் தள்ளியிருக்கும். ஒரு ட்ராப் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் குளிராத ஸ்டீம் நேராக ரிசீவருக்கு வரும், தொட்டி 100 டிகிரியைத் தொடும். பம்பு தகரக் குவளையில் ஜல்லி குலுக்குவதுபோல் சத்தம் போடத் தொடங்கும். அதுதான் கேவிட்டேஷன், அதாவது பம்புக்குள் தண்ணீர் ஆவிக் குமிழ்களாகி உடைவது. இம்பெல்லரின் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) நுழைவாய் ஓரம் அரித்துப் பொரிப்பொரியாகும். சீல் முகங்களுக்கு நடுவே தண்ணீர் ஆவியாகி, முகங்கள் உலர்ந்து தேயும். சீலை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் அடுத்த சீலும் அதே வழியில் போகும்.

ரிசீவர் தொட்டியிலிருந்து ஆவியை வெளியே விடும் வென்ட் குழாயைப் பாருங்கள். அதைப் பார்க்கக் காசில்லை. அழுத்தத்தில் இருந்த கண்டன்சேட் திறந்த தொட்டிக்கு வரும்போது ஒரு பங்கு தானாகவே ஆவியாகும். 7 பார் ஸ்டீமின் கண்டன்சேட் என்றால் சுமார் 13 சதவீதம். 1000 கிலோ வந்தால் 130 கிலோவுக்கு மேல் ஃப்ளாஷ் ஸ்டீம், கன அளவில் 220 கனமீட்டருக்கும் அதிகம். இது கோளாறில்லை, இயற்கை. ஆனால் இவ்வளவும் வெளியேற வென்ட் அகலமாக இருக்க வேண்டும். ஆவி வீணாகிறது என்று அதில் வால்வு போட்டு மூடுவதைச் சில இடங்களில் பார்க்கிறோம். தயவுசெய்து வேண்டாம். தொட்டி அழுத்தம் ஏறி, ட்ராப்புகள் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் திணறும். தொட்டியும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆலை ஒழுங்காக ஓடும் நாளில் வென்டிலிருந்து எவ்வளவு ஆவி வருகிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அது திடீரென்று அடர்த்தியாகத் தெரிந்தால் பம்பைக் கழற்றாதீர்கள், ட்ராப்புகளைச் சோதியுங்கள்.

தள்ளின தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு இன்னொன்று. பம்பு நிற்கும் நொடியில், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைக் கவனியுங்கள். தண்டு ஒரு கணம் பின்னோக்கிச் சுழன்றால், ஏற்றிய தண்ணீர் வால்வு வழியாகத் திரும்பி இறங்குகிறது. ஸ்டீம் வராத நேரத்திலும் தொட்டியின் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் மெல்ல ஏறினால் அதே சந்தேகம். தள்ளின தண்ணீரையே திரும்பத் திரும்பத் தள்ளும் பம்புக்கு ஓய்வு ஏது?

ஸ்ட்ரெய்னரை (குழாயிலுள்ள வடிகட்டி) கழுவும்போது செம்பழுப்புச் சேறு நிறைய வந்தால் கழுவிவிட்டு மறந்துவிடாதீர்கள். பாய்லர் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் உடைந்து வரும் கார்பன் டை ஆக்சைடு கண்டன்சேட்டில் கரைந்து அமிலமாகிக் குழாயின் அடிப்பக்கத்தை அரிக்கிறது என்பதன் அடையாளம் அது. தண்ணீர்ச் சுத்திகரிப்பு பார்ப்பவரிடம் பி.எச். அளவு கேளுங்கள். ரப்பர் வளையங்கள் ஈ.பி.டி.எம். (சுடுதண்ணீரைத் தாங்கும் ஒருவகை ரப்பர்) ஆக இருக்கட்டும். நைட்ரைல் ரப்பர் இந்தச் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும். இரட்டைப் பம்பு வைத்திருப்பவர்கள் இரண்டும் மாறி மாறி ஓடுகிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் ஓடாத மாற்றுப் பம்பு, தேவைப்படும் அன்று சுற்றாமல் நிற்கும்.

தொட்டியை உயர்த்தவும் வழியில்லை, சூடும் குறையாது என்ற நிலையில் மின்பம்போடு மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்டீம் அழுத்தத்தாலேயே தண்ணீரைத் தள்ளும் இயந்திரப் பம்பு இருக்கிறது. இம்பெல்லர் இல்லை, சீல் இல்லை, கேவிட்டேஷன் பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர் தானாக உள்ளே இறங்க மேலே கொஞ்சம் உயரம் வேண்டும், இருபக்கச் செக் வால்வுகளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விலை கூடுதல். சில இடங்களுக்கு அதுதான் சரி என்பது எங்கள் கருத்து.

இனிமேல் பம்பு கேட்டு எழுதும்போது பழைய பம்பின் பெயர்ப்பலகைப் படம், பம்பின் மையத்திலிருந்து தொட்டியின் குறைந்த தண்ணீர் மட்டம்வரை டேப் வைத்து அளந்த உயரம், ஆலை ஓடும்போது எடுத்த கண்டன்சேட் சூடு, வென்டின் படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். இவை வந்துவிட்டால் மறு கேள்வி இல்லாமல் பம்பைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பம்பு விற்பனை, பராமரிப்புப் பிரிவு