கடைக்குப் போகுமுன் படித்துவிடு

அன்புள்ள மலர்,

மறுபடியும் சைக்கிள் மிதிக்கப் போகிறேன் என்றாய். நல்லது கண்ணு. ஆனால் 98 கிலோ ஆளுக்கு முதலில் தகராறு செய்வது மூச்சு இல்லை, பின்சக்கரம். உன் எடையில் பாதிக்கு மேல் அதன்மேல்தான் இறங்கும்.

அதனால் மெல்லிய டயர் ரேஸ் மாடல் வேண்டாம். டயர் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ரிம் இரட்டைச் சுவர், அதாவது உள்ளே இரண்டு அடுக்குத் தகடு; பின்னால் 36 போக்ஸ் கம்பி. கேட்டு, எண்ணிப் பார்த்து வாங்கு. எத்தனை கிலோ தாங்கும் என்று கம்பெனி சொல்வதில் சைக்கிளின் எடையும் சேர்த்தியா என்று விசாரி. முன்பக்க சஸ்பென்ஷனுக்குக் காசு கொடுக்காதே. விலை குறைந்த சைக்கிளில் அது வெறும் பாரம்.

பூட்டிக் கொடுத்ததை அப்படியே ஓட்டி வராதே. கம்பிகளைச் சீராக முறுக்கிப் பெண்டு எடுத்துத் தரச் சொல்; ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து இறுகி, ஹப் (சக்கரத்தின் நடு உருளை) ஓரத்து வளைவில் அறுந்துபோகும். அடுத்தடுத்து அறுந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பயனில்லை, சக்கரத்தையே புதுக் கம்பி போட்டுக் கோர்க்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் அதிகபட்சக் காற்றழுத்தம் அச்சிட்டிருக்கும். பின்னால் அதைவிட 5 பிஎஸ்ஐ குறைவு, முன்னால் இன்னும் கொஞ்சம் குறைவு. மீட்டர் வைத்த பம்பு வாங்கி வாரம் ஒருமுறை அடி. காற்று குறைந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபை நசுக்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும். பஞ்சர் கடைக்காரர் டயருக்குள் ஆணியைத் தேடிக்கொண்டிருப்பார், இருக்காது.

பெடல் கீழே இருக்கையில் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் சீட் உயரம். மிதிப்பது முன்பாதத்தால். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது கியர் கனம். பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரம். கால் தரையில் எட்டவில்லையே என்று சீட்டை இறக்காதே, நிற்கும்போது முன்னால் இறங்கி நில். மெத்தென்ற ஜெல் சீட் பத்து நிமிஷம்தான் சுகம். பிறகு அது அமுங்கி, அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தும். உட்காரும் எலும்பு இரண்டும் பதியும் அகலம் போதும், கொஞ்சம் கெட்டியாகவே இருக்கட்டும். பேடு வைத்த ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல் போடு, தொடை உரசிப் புண்ணாகாது. மேலே சுடிதார் போடுவாயானால் துப்பட்டா கூடவே கூடாது.

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், 20 நிமிஷம். லேசான கியரில் பெடல் நிமிஷத்துக்கு 70 சுற்று. பேசிக்கொண்டே மிதிக்க முடிய வேண்டும். அப்புறம் வாரம் ஐந்து நிமிஷம் கூட்டு. போகும்போது எதிர்க்காற்றில் போ, களைத்துத் திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாய், டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பி. நெஞ்சு இறுகினால் அங்கேயே நிறுத்திவிடு.

அரை மணி மிதித்தால் 200, 300 கலோரி போகும். திரும்பும் வழியில் இரண்டு பரோட்டா சாப்பிட்டால் அதற்கு மேல் வந்து சேரும்.

அன்புடன்,
அம்மா