ரிங்வுட்டிலிருந்து அய்யாவுக்கு

மெல்பர்ன், ரிங்வுட்
ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அய்யாவுக்கு,

பாப்பா கையெழுத்தில் நீங்கள் எழுதச் சொன்ன கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. போனில் கூப்பிட்டால் 'நல்லாருக்கேன், வச்சிருதேன்' என்று முடித்துவிடுகிறீர்கள். முழங்கால் வீக்கம், கண்ணில் புரை, வடக்கு விளைப் பனங்காட்டுச் சங்கதி எல்லாம் கடிதத்தில்தான் வெளியே வருகிறது. அதனால் நானும் கடிதமாகவே எழுதுகிறேன். பாப்பா நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

நான் நல்ல சுகம். உங்களுக்கு ஆடிக்காற்று அடிக்கும்போது இங்கே நடுக்குளிர். காலையில் ஐந்தாறு டிகிரி, மத்தியானம் பதின்மூன்று வந்தால் பெரிது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மழை வரும், மழை விட்டதும் ஊதக்காற்று. குளிருக்கு என்ன போர்த்துகிறாய் என்று அம்மா கேட்டிருந்தாள். கம்பளி இருக்கிறது, ஹீட்டரும் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஹீட்டர் போட்டால் தொண்டை காய்ந்துவிடுகிறது, அதனால் படுக்கப் போகும்போது அணைத்துவிடுவேன். கம்பளியே போதும்.

அங்கே பக்கத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, அய்யா. பக்கத்து வீட்டுப் பெரியவர். உங்களைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். இந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டைதான். வந்த புதிதில் தலையை ஆட்டுவதோடு சரி. போன மாதம் ஒரு சனிக்கிழமை வேலிக்கு மேலே தலையை நீட்டி, "உனக்கு முதுகு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தூக்க ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஷெட்டில் கெக் என்கிற எவர்சில்வர் பீர் உருளை ஒன்றை நிரப்பி ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டுமாம். நிரம்பினால் இருபது கிலோவுக்கு மேல் வரும்.

அவர் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர். அம்மா பதற வேண்டாம், நான் குடிக்கப் பழகிவிடவில்லை. ஆனால் இந்த வேலையை உங்களுக்கு விவரமாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் ஊரில் இதைக் கேட்டு ரசிக்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

இங்கே சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளலாம். விற்றால்தான் குற்றம், சாராயம் வடித்தால் குற்றம். 1970களின் தொடக்கம் வரைக்கும் லேசான பீருக்கு மேல் காய்ச்ச முடியாதாம். அப்புறம் சட்டத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள். பெரியவர் அந்தக் காலத்திலிருந்தே காய்ச்சுகிறார். முதலில் கூப்பர்ஸ் டின் வாங்கிச் செய்தாராம். அது அடிலெய்டில் 1862இல் தொடங்கிய கம்பெனி. அவர்கள் விற்கும் டின்னில் கெட்டிப் பாகு இருக்கும். தண்ணீரும் சீனியும் ஈஸ்டும் சேர்த்தால் 23 லிட்டர் பீர். இப்போது அவர் பார்லியை ஊறவைத்து, வடித்து, தானே காய்ச்சுகிறார். கசப்புக்கு ஹாப்ஸ் என்று ஒரு பூ. அவர் போடும் ரகத்தின் பெயர் 'பிரைடு ஆஃப் ரிங்வுட்'. நான் குடியிருக்கிற இதே ரிங்வுட்டில் உருவாக்கிய ரகம் அது. உடன்குடிக் கருப்பட்டி என்று நாம் சொல்வதில்லையா, அந்தப் பெருமையோடு சொன்னார்.

சரி, வேலைக்கு வருகிறேன். பீர் புளிக்கிற பாத்திரம் கண்ணாடி மாதிரித் தெரிகிற கெட்டி பிளாஸ்டிக்கில் ஆனது. இறுக்கி மூடியிருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வருகிற வாயுவை வெளியே விடாமல் உள்ளேயே அடைத்து வைக்கிறார்கள். அளவுக்கு மேல் போனால் மட்டும் வெளியே விட ஒரு வால்வு உண்டு. அதைத் திருகி 12 பிஎஸ்ஐ என்று வைத்திருந்தார், பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு. புளித்து முடிந்ததும் அப்படியே ஃபிரிட்ஜில் வைத்து 2 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டார். குளிரக் குளிர பீர் வாயுவை இழுத்துக்கொள்ளும், மேலே அழுத்தம் இறங்கும். அதனால் கரியமில வாயு சிலிண்டரை மாட்டி அதே 12இல் நிறுத்தி வைத்திருந்தார். மண்டி எல்லாம் அடியில் படிந்து மேலே தெளிவாக நின்றது, அய்யா. நம் பதனியை வடிகட்டிவிட்டுப் பார்ப்போமே, அந்தத் தெளிவு. நிறம் மட்டும் தேன் நிறம்.

இனி அதைக் கெக்குக்கு மாற்ற வேண்டும். நான் மூடியைத் திறந்து ஊற்றப் போகிறோம் என்று நினைத்துச் சட்டைக்கையை மடித்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தோடு இருக்கிற பாத்திரத்தைத் திறந்தால் மூடி முகத்தில் அடிக்கும் என்பது ஒன்று. பெரிய காரணம் காற்று. ஒரு மாதம் பாடுபட்டு ஆக்கிய பீரில் கொஞ்சம் காற்றுப் பட்டாலும் போதுமாம். நிறம் கறுத்து, ஹாப்ஸ் வாசனை செத்து, நனைந்த அட்டையை மென்ற ருசி வந்துவிடும். ஆகவே இங்கிருந்து அங்கே போகிற வழியில் எந்த இடத்திலும் அது வெளிக்காற்றைப் பார்க்கக் கூடாது.

அப்படியானால் காலிக் கெக்குக்குள் இருக்கிற காற்றை என்ன செய்வது? அதற்கு அவர் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கெக்கைக் கழுவி, கிருமிநாசினித் தண்ணீரை விளிம்பு தளும்பும் வரை நிரப்பி மூடினார். உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. அப்புறம் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை ஒரு பக்கம் விட்டார். அது தண்ணீரை மறுபக்கக் குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டே வந்தது. கடைசிச் சொட்டும் வெளியேறியபோது உள்ளே வாயு மட்டும்தான். அந்தத் தண்ணீரையும் வீணாக்கவில்லை, அடுத்த கெக்குக்கு வாளியில் பிடித்து வைத்துக்கொண்டார்.

கெக் தலையில் இரண்டு முளை. ஒன்று வாயுவுக்கு, ஒன்று பீருக்கு. சாம்பல் நிறப் பூட்டு வாயுவுக்கு, கறுப்பு பீருக்கு. மாற்றி மாட்டினால் இறுகிக்கொண்டு கழற்ற வராது. அந்தக் காலத்தில் கடைகளுக்குக் குளிர்பானம் போன கெக்காம் அது, 19 லிட்டர். பாத்திரத்தின் பீர் முளைக்கும் கெக்கின் பீர் முளைக்கும் நடுவே ஒரு சிறு குழாயை மாட்டினார். ஒரு சொட்டு நகரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், எப்படி நகரும்? பிறகு அந்த வால்வைக் கழற்றிக் கெக்கின் வாயு முளையில் பொருத்தி, மெல்லத் திருகி அழுத்தத்தை இரண்டு புள்ளி குறைத்தார். 'ஸ்ஸ்' என்று சத்தம். குழாயில் பீர் புறப்பட்டது. நுரையே இல்லை. அவசரப்பட்டு அழுத்தத்தை ரொம்பக் குறைத்தால் எல்லாம் நுரைத்துப் பாழாகுமாம். அரைமணி நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எவர்சில்வரில் எப்படித் தெரியும்? கெக்கைத் தடவிப் பார் என்றார். குளிர்ந்த பீர் நிற்கிற மட்டத்துக்கு வெளியே பனி வியர்த்து ஒரு கோடு ஏறிக்கொண்டே வந்தது.

முக்கால்வாசியில் ஓட்டம் நின்றுவிட்டது. ஹாப்ஸ் துணுக்கு ஒன்று போய் முளையில் அடைத்துக்கொண்டது. நானாக இருந்தால் மூடியைத் திறந்து பார்த்திருப்பேன். அவர் குழாயைக் கழற்றி, சிலிண்டர் வாயுவை அதே முளை வழியாக ஒரு நொடி எதிர்ப்பக்கம் ஊதினார். துணுக்கு உள்ளே விழுந்தது. கிருமிநாசினியை அடித்துக் குழாயைத் திரும்ப மாட்டினார், ஓட ஆரம்பித்தது. முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. காற்று வேகமாக அடிக்கும்போது பனை உச்சியில் நின்று நீங்கள் பாளை சீவுகிற முகம் ஞாபகம் வந்தது, அய்யா. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

முடிந்ததும் கெக்கைத் தூக்கி ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தேன். ஒரு சின்ன டம்ளர் தந்தார், ருசி பார்த்தேன். கசப்பு நாக்கில் நின்றது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றேன், உண்மையாகவே நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஷெட்டுக்குக் கூப்பிடுகிறார். அவர் வீட்டில் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். 1987இல் தடை வரும்வரை நீங்கள் கள்ளுக்கும் ஏறியவர், அதற்குப் பிறகு பதனி மட்டும் என்று. ஈஸ்ட் எங்கே வாங்குவார் என்று கேட்டார். வாங்க வேண்டியதில்லை, பாளையிலிருந்து சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும், புளிக்காமல் நிறுத்தத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம் என்றேன். எழுந்து நின்றுவிட்டார். மரத்தின் மேலேயே புளிக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாளையை இடுக்கி நசுக்குவது, தினமும் மெல்லிசாகச் சீவுவது எல்லாம் கையால் செய்து காட்டினேன். தன் ஷெட்டில் தான் காய்ச்சுவதை யாரும் கேட்பதில்லை, உன் அப்பாவுக்கு மரத்தில் ஊறுவதற்குத் தடையா என்று வருத்தப்பட்டார். உங்கள் படம் ஒன்று கேட்டிருக்கிறார். பெட்டியும் அரிவாளும் இடுப்பில் கட்டி நிற்கிற படத்தை அத்தான் போனில் அனுப்பி வைக்கட்டும்.

அந்த ஷெட் கதவைத் திறக்கும்போது ஒரு வாடை வரும். சுண்ணாம்பு குறைந்துபோன கலயத்தின் வாடை. இறக்கி வைத்த கலயங்களை நீங்கள் வரிசையாக முகர்ந்து பார்த்து, 'இது ஆகாது' என்று ஒன்றைத் தள்ளி வைப்பீர்கள். விடிலிக் குடிசைக்குள் அம்மா பதனியைக் காய்ச்சிக்கொண்டு, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, சிரட்டையில் பாகு ஊற்றிக்கொண்டு இருப்பாள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும், அடிவட்டகையில் ஒட்டின பாகைச் சுரண்டித் தந்தால்தான் போவேன். இங்கே வந்தபிறகு அந்த வாடை என் மூக்குக்கு எட்டும் என்று நான் நினைக்கவே இல்லை. போன ஞாயிறு கதவருகிலேயே நின்றுவிட்டேன். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அழுதுவிட்டேன், அய்யா. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதலாமா என்று பார்த்தேன், வாசிப்பது பாப்பா, கேட்பது எல்லோரும். சரி, போகட்டும்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. டாண்டினாங் என்று ஒரு இடம் இருக்கிறது, நம் ஆட்கள் கடை நிறைய. பஸ்ஸில் போய் அரிசி, புளி, மிளகாய்த்தூள் வாங்கிவருவேன். கருப்பட்டி வாங்கினேன், உடைத்துப் பார்த்தால் சீனி போட்டுக் காய்ச்சியது. காபியில் போட மனசு வரவில்லை. அக்கா கருவாடு அனுப்பட்டுமா என்று கேட்டாள், வேண்டாம். இங்கே உணவுப் பொருளைச் சோதித்துப் பார்த்துத்தான் விடுவார்கள். இப்போது சமையலில் கை வந்துவிட்டது. ரசமும் அப்பளமும் இருந்தால் இரண்டு நாள் ஓடிவிடும்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைத்து அனுப்புகிறேன். குளிர்காலத்தில் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் குறைவு, எல்லோருக்கும் அப்படித்தான். ஆவணி பிறந்தால் சரியாகிவிடும். அதற்காகக் கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம். அதற்கு வைத்திருக்கிற பணம் தனி. அத்தானைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கே போங்கள், முதலில் வலது கண். குலசை தசராவுக்கு வருவாயா என்று அம்மா கேட்டிருக்கிறாள். டிக்கெட் விலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். என் பேரில் நேர்ச்சை இருந்தால் அக்கா காணிக்கை செலுத்திவிடட்டும்.

இனி வடக்கு விளை. சித்தப்பா சொல்வது எனக்கும் புரிகிறது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிவிட்டார்கள், நிலத்துக்கு இப்போது கேள்வி இருக்கிறது, பிள்ளை கல்யாணத்துக்கு அவருக்குப் பணம் வேண்டும். அவர் பங்கை விற்பது அவர் விருப்பம். ஆனால் முழு விளையும் ஒரே பட்டாவில்தானே கிடக்கிறது? முதலில் அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா ஆகட்டும். அதற்கு முன்னால் நீங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், புரை இருக்கிற கண்ணோடு போடவே வேண்டாம்.

மரங்களை முதலில் வெட்டிச் சூளைக்குக் கொடுத்துவிட்டால் நிலம் சுத்தமாகும் என்று தரகர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது நடக்காது. 2021இலேயே அரசு அறிவித்துவிட்டது, பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். இதைச் சித்தப்பாவிடம் சண்டையாகச் சொல்லாமல், நான் எழுதியதாகச் சொல்லுங்கள். நம் பங்கில் இருக்கிற மரம் ஒன்றும் விழக்கூடாது. நீங்கள் ஏற முடியாவிட்டால் என்ன, ஏறுகிற ஆளுக்குப் பாட்டத்துக்கு விடலாம். சீனி கலக்காத கருப்பட்டிக்கு ஆள் தேடிவருகிறார்கள் என்று அக்காவே சொன்னாள். கிணற்றடி வரிசையை மட்டுமாவது இந்த வருஷமே விட்டுப் பாருங்கள். பாட்டம் எவ்வளவு என்று மேலத்தெரு பெரியப்பாவைக் கேட்டால் நியாயமாகச் சொல்வார்.

பாப்பா பிளஸ் டூ முடித்ததும் என்ன படிக்கப் போகிறாள் என்று அவளே எனக்குத் தனியாக எழுதட்டும். நர்சிங் என்றால் இங்கே விசாரிக்கிறேன்.

அம்மாவுக்கு, அக்காவுக்கு, அத்தானுக்கு என் அன்பு. சித்தப்பாவுக்கும் வணக்கம் சொல்லுங்கள்.

உங்கள் மகன்

பி.கு.: பழைய பட்டா நகல் மரப்பெட்டியில் அடங்கல் தாள்களோடு இருக்கிறது. அத்தான் இரண்டு பக்கமும் படம் எடுத்து இந்த வாரமே அனுப்பட்டும். தரகரிடம் முன்பணம் என்று எதுவும் வாங்க வேண்டாம்.