பாப்பாவுக்கு, ரங்கூன் தாமுவேலேர்ந்து அப்பா

பாப்பா, நாங்க எல்லாரும் சௌக்கியம், நீ எப்படி இருக்க. வேளா வேளைக்கு சாப்பிடு. போன்ல பேசலாம்னா உங்கம்மா பாதியில புடுங்கிக்குவா, அதான் டைப் பண்றேன், கரண்ட் இருக்கும்போதே அனுப்பிடணும்.

சித்திரை ஒண்ணாம் தேதி உன் போன் வரல. பூகம்பம் ஆகி மூணு வாரம்கூட ஆகாத நேரம், மாண்டலே பக்கம் யார் யாருக்கு என்ன ஆச்சோன்னு இங்க ஒவ்வொரு வீட்டுலயும் போனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம், நீ ஒரு வார்த்தை பேசல. கடைசில தம்பிதான் விபிஎன் போட்டு உன் ஃப்ரெண்ட் போட்ட போட்டோவ காட்டினான். பிரான்ஸ்ல தெய்சேன்னு ஒரு ஊராம், ஞாயிறுலேர்ந்து ஞாயிறு வரைக்கும் ஒரு வாரம் பிரேயராம், ஜெர்மனிலேர்ந்து பஸ்ல கூட்டமா போயிருக்கீங்க. சேர் ஒண்ணும் இல்லாம எல்லாரும் தரையில உக்காந்திருக்கீங்க, முன்னாடி ஆரஞ்சு கலர் துணி பாய்மரம் மாதிரி மேல போகுது, கீழ மெழுகுவத்தியா எரியுது. நீ மூணாவது வரிசையில. கழுத்துல கருப்பு கயித்துல புறா மாதிரி ஒரு சின்ன சிலுவை.

அத நான் தப்பா எடுத்துக்கல. நம்ம வீட்ல யாரு அப்படி? 2017 நவம்பர்ல போப்பு வந்தப்ப பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட விடியக்காலையில உன்ன கியாய்க்கசான் மைதானத்துக்கு அனுப்பினதே நான்தானே. உங்கம்மா செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி வைக்காம இருந்திருக்காளா. அதனால இது மதம் பத்தின பேச்சு இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன்.

அந்த இடத்த பத்தி தேடிப் படிச்சேன். ரோஜேன்னு ஒரு சுவிஸ்காரர் 1940ல தனியா வந்து வீடு வாங்கி, யுத்தத்துல ஓடி வந்தவங்கள, யூதருங்கள எல்லாம் ஒளிச்சு வச்சு காப்பாத்தினாராம். 1942ல ஜப்பான்காரனுக்கு பயந்து அராக்கான் வழியா இந்தியாவுக்கு நடந்தாங்களே நம்ம ஆளுங்க, வழியில அப்படி ஒரு வீடு கிடைச்சிருந்தா பெரிய தாத்தாவுக்கு இன்னிக்கு நாம தேதி தெரியாம அமாவாசையில திவசம் கொடுக்க வேண்டியிருக்காது. இன்னொண்ணு, அந்த மடத்து பிரதர்ங்க யார்கிட்டயும் நன்கொடை வாங்க மாட்டாங்களாம், அப்பா அம்மா சொத்து வந்தாகூட வச்சிக்க மாட்டாங்களாம், மண்பாண்டம் செஞ்சு வித்துத்தான் சாப்பாடாம். இத படிச்சதும் தீமிதிக்கு ரசீது புக்கோட கடைக்கு வர்ற நம்ம கமிட்டி ஆளுங்க ஞாபகம் வந்து சிரிச்சிட்டேன். ஆனா அந்தப் பெரியவர 2005ல, 90 வயசுல, பிரேயர் நடக்கும்போதே ஒரு பொம்பள கத்தியால குத்திக் கொன்னுட்டான்னு போட்டிருக்கு. அத உங்கம்மாகிட்ட சொல்லல, நீயும் சொல்லாத. கூட்டத்துல ஜாக்கிரதையா இரு.

காலையில ரொட்டி, வெண்ணெய், ரெண்டு குச்சி சாக்லேட், டீயையும் கிண்ணத்துலதான் குடிக்கணும், கையில ஒரு ஸ்பூன் மட்டும்னு தம்பிக்கு எழுதியிருக்க. அதுவா சாப்பாடு? அப்புறம் உனக்கு பாத்திரம் கழுவற வேலை கொடுத்தாங்களாம், முழங்கை வரைக்கும் சோப்போட நிக்கிற போட்டோ. இங்க ஒரு தட்டு எடுத்து வைக்காதவ! உங்கம்மா அந்த போட்டோவ எதிர்வீட்டு வரைக்கும் கொண்டுபோய் காட்டிட்டு வந்தா, பெருமையா கோவமான்னு எனக்குப் புரியல.

தம்மஜோதி தியான மையத்துல பத்து நாள் உக்கார வான்னு நான் கூப்பிட்டப்ப, பத்து நாள் பேசாம இருந்தா பைத்தியம் பிடிச்சிடும்ப்பான்னு ஓடினவ நீ. அந்த விபாசனா தியானம் சொல்லிக்கொடுத்த கோயங்காவே நம்மள மாதிரி இந்து குடும்பம்தான், மாண்டலேல பிறந்தவர்தான்னு எவ்வளவு சொன்னேன். இப்ப அங்க மூணு வேளை பிரேயர்லயும் பாட்டு நின்னு எட்டு பத்து நிமிஷம் ஒருத்தரும் மூச்சு விடறதில்லையாமே. அந்த நேரத்துல நீ என்ன நினைச்சிக்கிட்டு இருந்த?

எதிர்வீட்டுப் பொண்ணு திங்யான் புதுவருஷத்துல மொட்டை போட்டு ரோஸ் துணி கட்டிக்கிட்டு திலாஷினா, அதான் புத்த சந்நியாசினியா போனா. ஒரு வாரம், திரும்பி வந்துட்டா, இப்ப முடி கட்டைவிரல் அளவு வளந்திருக்கு, காலையில அம்மாவோட மொஹிங்கா மீன் நூடுல்ஸ் விக்கிறா. இந்த ஊர்ல அப்படித்தான், போவாங்க, வருவாங்க, பெத்தவங்களும் பயப்படறதில்ல. நீ போனதும் அப்படித்தான்னு நான் நெனச்சிக்கிட்டேன்.

பினாங்கு சித்தி பொண்ணு வேற மாதிரி சொல்றா. வயசுப் பிள்ளைங்க அங்க மாசக்கணக்கா வாலண்டியரா தங்கலாமாம், அக்கா கேட்டுட்டு வந்திருக்கான்னு. கேட்டியா கேக்கலையான்னு நான் கேக்கல. உனக்கு அறிவு இருக்கு. ஆனா நீ போயிருக்கிறது மூணு வருஷ நர்சிங் படிப்பு, அந்தப் படிப்ப நம்பித்தான் விசா, நடுவுல விட்டா விசா நிக்குமா, விசா போனா எங்க வருவ? இங்கயா? 2024 பிப்ரவரில பட்டாளத்துல கட்டாயமா சேர்க்கிற அந்தச் சட்டம் சொன்னதுல பொம்பளைப் பிள்ளைங்க 18லேர்ந்து 27ன்னு இருக்கே, உன் வயசு என்ன? பெத்த பிள்ளைய வீட்டுக்கு வராதன்னு சொல்ற காலம் வந்திருச்சு, இத எழுதவே கை கூசுது. உன்ன அனுப்ப உங்கம்மா எத வித்தான்னு உனக்குத் தெரியும், அத சொல்லிக்காட்ட மாட்டேன்.

சாமி கும்பிடு, யார் சாமியா இருந்தாலும் கும்பிடு. லீவு கிடைக்கிறப்ப மறுபடியும் போ, பாடு, பாத்திரம் கழுவு. படிப்ப மட்டும் விட்டுடாத. படிப்ப முடிச்சு வேலை கையில வந்தப்புறம் ஒரு வருஷம் என்ன ரெண்டு வருஷம் இருந்தாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன், படிப்ப விட்டுடாத.

தம்பி பாஸ்போர்ட் விஷயம் இழுத்துக்கிட்டே இருக்கு, அத தனியா எழுதறேன். ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு போன் பண்ணு, நான் எழுதினத காட்டிக்காத. அடுத்த மாசம் உனக்கு ஆஸ்பத்திரியில எந்த வார்டு, பகல் டியூட்டியா ராத்திரி டியூட்டியான்னு எனக்கு ஒரு வரி போட்டுடு.

அப்பா