எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: வரலாற்று வீட்டுப்பாடம் பற்றி

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த வாரம் அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கம் பற்றிய பாடம் தொடங்குகிறது. அடிமைகளாக இருந்த எலன், வில்லியம் கிராஃப்ட் தம்பதி தப்பிச் சென்ற வழியை வரைபடத்தில் குறித்து வருவதுதான் வீட்டுப்பாடம். பிள்ளைகள் உங்களிடம் நிறையக் கேட்பார்கள். அதற்காகவே இந்தக் கடிதம்.

1848 டிசம்பர் 21 அன்று ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரிலிருந்து இருவரும் கிளம்பினார்கள். கிறிஸ்துமஸை ஒட்டிச் சில நாள் வெளியே போக எஜமானர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்ததால், உடனே யாரும் தேட மாட்டார்கள். எலன் பார்வைக்கு வெள்ளையர் போலவே இருப்பார். ஆனால் வெள்ளைக்காரப் பெண் ஆண் அடிமையோடு தனியே பயணம் போவது அன்று வழக்கமில்லை. அதனால் உடல்நலமில்லாத இளம் பண்ணையாராக வேடமிட்டார். கணவர் வேலையாளாக உடன் போனார். கால்சட்டையை எலனே தைத்தார். மற்ற உடுப்புகளைச் சந்தேகம் வராதபடி வில்லியம் வெவ்வேறு கடைகளில் வாங்கினார்.

எலன் வலது கையில் கட்டுப் போட்டதைப் பற்றிப் பிள்ளைகளிடம் கட்டாயம் பேசுங்கள். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதை ஜார்ஜியா சட்டம் தடைசெய்திருந்தது; இருவருக்கும் எழுதத் தெரியாது. விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால், கட்டைக் காட்டி வேறொருவரைப் போடச் சொல்லலாம். அப்படியும் சார்ல்ஸ்டன் சுங்க அலுவலகத்தில் கையெழுத்திட அதிகாரி மறுத்தார். உடன் பயணித்த ஒருவர் தெரிந்தவர்தான் என்று சொன்ன பிறகே விட்டார்கள். அடிமைமுறை இல்லாத பென்சில்வேனியா மாநிலத்துக்கு முன் வரும் கடைசிப் பெரிய நகரம் பால்டிமோர். ஆகவே அங்கே சோதனை கடுமை. அடிமை தன்னுடையவன் என்பதற்குச் சான்று கேட்டு நிறுத்தினார்கள். ரயில் கிளம்பும் நேரம் நெருங்கவே, நோயாளி என்று இரங்கி அனுப்பினார்கள். டிசம்பர் 25 காலை பென்சில்வேனியாவின் பிலடெல்பியா நகரம் சேர்ந்தார்கள்.

அங்கே இயக்கத்தினரிடம் அவர்கள் முதலில் கற்றது எழுத்து. பிறகு பாஸ்டனில் குடியேறினார்கள். தப்பியோரைப் பிடித்து ஒப்படைக்கும் சட்டம் 1850இல் வந்ததும், பாஸ்டனுக்கே ஆள்பிடிப்பவர்கள் வந்தார்கள். நண்பர்கள் மறைத்துவைத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

எலன் ஏன் வெள்ளையாக இருந்தார் என்று கேட்டால் மழுப்பாதீர்கள். தாயை அடிமையாக வைத்திருந்தவரே எலனின் தந்தை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். வகுப்பிலும் இதை வயதுக்கேற்ற சொற்களில் சொல்வோம்.

இந்தப் பாடத்துக்காக முகத்தில் கரி பூசியோ, சங்கிலி மாட்டியோ வேடமிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். மற்றவர் பட்ட துன்பம் நமக்கு வேடிக்கை ஆகக்கூடாது.

குறிக்க வேண்டிய ஊர்கள்: மேக்கன், சவானா, சார்ல்ஸ்டன், வில்மிங்டன் (வட கரோலினா), ரிச்மண்ட், வாஷிங்டன், பால்டிமோர், பிலடெல்பியா. ரயில் வழிக்குக் கறுப்பு மை, கப்பல் வழிக்கு நீலம். ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் 'இங்கே எதனால் பிடிபட்டிருக்கலாம்?' என்பதற்கு ஒரு வரி எழுதி, வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியரிடம் தர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்