விளிம்பில் இருக்கும் பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவரின் போர்ப் பதக்கங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பதக்கத்தின் முகப்பை அவ்வளவு விரிவாகச் சொன்னவர், பெயர் பொறித்திருக்கும் விளிம்பை விட்டுவிட்டாரே என்று மனசு கேட்கவில்லை.

சென்ற மாதம் இங்கே சனிக்கிழமைச் சந்தையில் முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கம் ஒன்றைக் கையில் எடுத்தேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். விளிம்பில் பொடி எழுத்தில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. யாரோ பளபளப்புக்காகத் தேய்த்ததில் பெயர் பாதி மழுங்கியிருந்தது. 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டில் அந்தப் போர்ச் சிப்பாய்களின் சேவை ஆவணங்கள் பாதிக்கு மேல் எரிந்துபோயின. பலருக்கு மிஞ்சியது லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு பதக்க அட்டையின் (யாருக்கு எந்தப் பதக்கம் என்ற பதிவு) பிரதியும் இந்த விளிம்பும்தான்.

(இந்திய, சீனத் தொழிலாளர் படையினருக்கு இதே பதக்கத்தை வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். நினைத்தால் இன்றும் வலிக்கிறது.)

இரண்டாம் போரில் நிலைமை இன்னும் மோசம். பர்மா போர்முனைக்கான பர்மா ஸ்டார் உள்ளிட்ட நட்சத்திர வடிவப் பதக்கங்களை பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கினார்கள். அவை வந்த பெட்டியும் தாளும் தொலைந்தால், 1944இல் நாகாலாந்தின் கொகிமாவில் ஜப்பானியப் படையை எதிர்த்து நின்றவர் எவர் என்று அந்த உலோகம் சொல்லாது.

வீட்டில் இப்படிப் பதக்கம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து விளிம்பைத் தேய்க்காதீர்கள். ஒருவருடைய பதக்கங்களைத் தனித்தனியாகப் பிரித்து விற்காதீர்கள்; பிரிந்தால் பெயரில்லாதவை யாருடையவை என்ற தடயமே போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்