ரஞ்சிக்கு: மேல் தட்டில் இருந்த இரண்டு குப்பிகள்

கல்லடி,
மட்டக்களப்பு.
ஞாயிறு இரவு

அன்புள்ள ரஞ்சி,

சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் கச்சான் காற்றோடு சேர்ந்து முனகிக்கொண்டிருக்கிறது. உன் மாமியின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று கிளியக்கா சொன்னாள். அவள் அந்தக் கொய்யாப்பழக் கணக்கை இன்னும் மறக்கவில்லை. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது அதைத்தான்.

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ போன் எடுத்த இரண்டு தடவையும் "டியூட்டியில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை நான் டியூட்டியில் இல்லை. வீட்டுப் பின் விறாந்தையில் சும்மா இருந்தேன். உன்னோடு கதைத்தால் இதைச் சொல்ல வேண்டி வரும் என்று பயந்தேன். போனில் தொடங்கினாலும் நீ "சரி சரி, அதை விடு, என்ன கறி சமைத்தாய்" என்று கேட்பாய், நானும் கறியைச் சொல்லி முடித்துவிடுவேன். பதின்மூன்று வருடமாக அப்படித்தானே ஓட்டிவிட்டோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரை வாசி.

முதலில் நல்ல செய்தி. நான் மறுபடியும் படிக்கிறேன். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழி முதுமாணி. பாடம், மனிதக் காரணி உளவியல். அங்கே பின்னேரம் நாலு மணிக்கு விரிவுரை தொடங்கினால் இங்கே இரவு எட்டரை. நைட் டியூட்டி இல்லாத நாட்களில் சின்னவனைப் படுக்கப் போட்டுவிட்டு லப்டொப்பைத் திறப்பேன். "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்போ?" என்று இவரின் அக்கா கேட்டார். மனுசரின் கண்ணும் கையும் ஞாபகமும் களைப்பும் எப்படிப்பட்டவை என்று பார்த்து, அதற்குத் தோதாகக் கருவியையும் அறையையும் வேலை நேரத்தையும் அமைக்கிற படிப்பு என்று சொன்னேன். "அதற்கும் ஒரு படிப்போ" என்றார்.

அம்மாவுக்கு அது உடனே விளங்கிவிட்டது. தங்கச்சி கட்டாரிலிருந்து காசு அனுப்பி வாங்கித் தந்த அடுப்பு இருக்கிறதே, நாலு எரிவாய், முன்னால் வரிசையாக நாலு குமிழ். அம்மா சோற்றைக் குறைக்கப் போய்ச் சொதியை அணைப்பா. வீட்டில் எல்லோரும் அவவைத்தான் ஏசினோம், நானும்தான். அதே சிக்கலை 1959இல் சபானிஸ் என்ற உளவியலாளரும் லிண்டன்பாம் என்பவரும் பரிசோதித்திருக்கிறார்கள். நாலு எரிவாயையும் சதுரமாக வைத்துக் குமிழ்களை நேர்கோட்டில் வைத்தால், எந்தக் குமிழ் எதற்கு என்று ஆட்கள் தடுமாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு எரிவாயையும் அதனதன் குமிழுக்கு நேராக வரும்படி சற்று விலக்கி வைத்ததும் பிழையே வரவில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது அகப்பையைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அப்ப எனக்கு மறதி வரல்ல?" என்று கேட்டா. ரஞ்சி, அவ அதை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறா. எங்களுக்கு அது தெரியவே இல்லை. நான் குமிழுக்கும் அதனதன் எரிவாய்க்குப் பக்கத்திலும் ஒரே நிறத்தில் நெயில் பொலிஷ் பூசிவிட்டேன். அன்றிலிருந்து சொதி அணையவில்லை.

அந்தச் சபானிஸின் பெயர் அதற்கு முன்பே எனக்கு அறிமுகம். இரண்டாவது வார விரிவுரையில் வந்தார். 1943. பி-17 என்ற குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு உள்ளே மடங்கி வயிறு தரையில் இழுபட்டன. விமானிகளோ நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். விமானியின் பிழை என்று எழுதிக் கோப்பை மூடுவதுதான் வழக்கம். சபானிஸ் போய் விமானி இருக்கும் இடத்தில் இருந்து பார்த்தார். இறக்கை மடலை மடக்கும் விசையும் சில்லை மடக்கும் விசையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. பறந்து களைத்து வந்தவன் மடலை மடக்க நினைத்துச் சில்லை மடக்கினான். இரண்டும் இப்படி ஒரேமாதிரி இல்லாத வேறு வகை விமானத்தில் அந்த விபத்து நடக்கவில்லை. அவர் செய்தது சின்ன வேலை. சில்லின் விசையில் சின்ன ரப்பர்ச் சில்லு ஒன்றைப் பூட்டினார், மடலின் விசையில் ஆப்பு மாதிரி ஒரு துண்டைப் பூட்டினார். இருட்டிலும் கை தடவி அறிந்துகொள்ளும். பிழை நின்றது.

இதைக் கேட்டதும் லப்டொப்பை மூடிவிட்டேன். அதற்குப் பிறகு அன்று என்ன படிப்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

2012 ஐப்பசி. உனக்குத் தேதியும் ஞாபகம் இருக்கும். வார்ட்டில் முப்பத்தெட்டு நோயாளர், தாதியர் நீயும் நானும் இரண்டு பேர், மருந்து ட்ரொலிக்கு மேலே இருந்த டியூப் லைட் மூன்று நாளாக மினுங்கி மினுங்கி எரிந்தது. பதினாலாம் கட்டில் ஐயாவுக்கு வாந்தி நிற்க மெட்டோகுளோபிரமைட் போட வேண்டும். நீ போட்டது ஃபுரோசமைட், சலம் போக வைக்கிற மருந்து. அவர் விடிய விடியச் சலம் போய், பிரசர் இறங்கி, சேலைன் ஏற்றிக் காப்பாற்றி, ஐந்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது உன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் உன் கோப்பில் ஒரு சொல் ஏறிவிட்டது. கவனயீனம். மூன்று மாதம் கழித்து நீ ராஜினாமாக் கடிதம் கொடுத்தாய். யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அதற்கு இரண்டு இரவு முன்னால் நானும் அதே ஃபுரோசமைட் அம்பியூலை, அந்தக் கண்ணாடி மருந்துக் குப்பியை, மாறி எடுத்தேன். அதே தட்டு, அதே நேரம், விடியப்புறம் மூன்று மணி போல. உடைத்து ஊசிக்குள் இழுத்தும் விட்டேன். அந்த நேரம் பார்த்துச் சீனியண்ணன் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். ஊசியைக் கீழே வைத்து, பிளேன்டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்ப எடுத்தபோதுதான் லேபிளைப் பார்த்தேன். அந்தக் கிழமை வந்த இரண்டு மருந்தும் ஒரே மண்ணிறக் கண்ணாடி, ஒரே இரண்டு மில்லிலீற்றர், கழுத்தில் ஒரே மாதிரி நீல வளையம். முந்திய கிழமை வரை அப்படி இருக்கவில்லை. ஊசியை வீசிவிட்டுப் புதிதாக எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்கூட. சொன்னால் வெட்கம் என்று நினைத்தேன்.

விசாரணையில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "அன்று ட்ரொலியில் வழமைக்கு மாறாக ஏதும் இருந்ததா?" நான் இல்லை என்றேன்.

ரஞ்சி, ஒரு தேத்தண்ணி வந்ததும் வராததும்தான் எனக்கும் உனக்கும் இடையில் இருந்த வித்தியாசம். நான் கவனமான மிஸ்ஸி, நீ கவனயீனமான மிஸ்ஸி என்று பதின்மூன்று வருடமாக அந்தக் கோப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது.

படிக்கப் படிக்க இது இன்னும் குத்துகிறது. 1947இல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர் விமானிகளிடமே கேட்டு 460 சம்பவங்களைத் திரட்டினார்கள். எல்லாம் விமானியின் பிழை என்று பெயர் எடுத்தவை. அதில் மிக அதிகம், ஒன்றைத் தொடப் போய் இன்னொன்றைத் தொட்டது. உன் பிழை, என் பிழை. அவர்கள் கேட்டார்கள், விமானிகள் சொன்னார்கள், அதனால் அடுத்த விமானம் மாறியது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா இதற்காகவே ஒரு முறையை நடத்துகிறது. விபத்தாகாமல் மயிரிழையில் தப்பியதை விமானி எழுதி அனுப்பலாம், பெயரை எடுத்துவிட்டுத்தான் சேர்த்து வைப்பார்கள். நான் தப்பிய அந்த இரவை எழுதிப் போட எங்கள் வார்ட்டில் ஒரு கொப்பி இருந்திருந்தால் என்று நினைக்கிறேன். மறுகா யோசித்தால், கொப்பி இல்லாவிட்டால் என்ன, நீ பக்கத்துக் கதிரையில்தானே இருந்தாய்.

மூன்று மணி என்றேனே, அதையும் சொல்கிறேன். மக்வர்த் என்ற உளவியலாளர் கடிகாரம் மாதிரி ஒரு முள்ளைச் செய்து, அது எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளுவதை இரண்டு மணி நேரம் பார்த்துச் சொல்லச் சொன்னார். ராடார் பார்ப்பவர்களுக்காகச் செய்த ஆய்வு, 1948இல் வெளிவந்தது. முதல் அரை மணி நேரத்திலேயே ஆட்கள் தவறவிடத் தொடங்கிவிட்டார்கள். உட்கார்ந்து ஒரே ஒரு முள்ளைப் பார்த்தவர்களுக்கே அந்தக் கதி. எங்களிடம் முப்பத்தெட்டு கட்டில்.

பயிற்சியில் ஐந்து சரிகள் என்று பாடமாக்கினோமே. சரியான நோயாளர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இன்றும் நான் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், அது வேண்டியதுதான். ஆனால் ஒக்சிசன் சிலிண்டரை நினைத்துப் பார். அதன் வாயில் இரண்டு துளை, மாட்டும் இடத்தில் இரண்டு ஊசி. வேறு வாயுவின் சிலிண்டரைக் கொண்டுவந்தால் துளை பொருந்தாது, நீ எவ்வளவு களைத்திருந்தாலும் பிழையாக மாட்டவே முடியாது. அதைச் செய்தவன் எங்களுடைய களைப்பை முன்கூட்டியே நினைத்திருக்கிறான். மூன்று மணிக்கு ஊசி எடுக்கும் எங்களை நினைத்து அந்த அம்பியூலைச் செய்தவர் எவரும் இல்லை. 2007இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட ஒன்பது பாதுகாப்பு வழிமுறைகளில் ஒரேமாதிரித் தெரியும், ஒரேமாதிரி ஒலிக்கும் மருந்துகள் பற்றியதும் ஒன்று. உன் விசாரணைக்கு ஐந்து வருடம் முந்தியது அது. அந்த மேசையில் அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஜேம்ஸ் ரீசன் என்பவர் ஓட்டை விழுந்த சீஸ் துண்டுகளை அடுக்கிக் காட்டி விபத்தை விளக்குவார். எங்கள் ஊருக்கு இடியப்பத் தட்டுதான் சரி. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வெளிச்சம் தெரியாது, எங்காவது ஓட்டையும் ஓட்டையும் நேராக வந்தால்தான் தெரியும். புதிய அம்பியூல் ஒரு தட்டு, மினுங்கிய லைட் ஒரு தட்டு, இரண்டு பேருக்கு முப்பத்தெட்டு கட்டில் ஒரு தட்டு. என் மௌனமும் ஒரு தட்டு. உன் கை கடைசித் தட்டு, அவ்வளவுதான்.

இப்படிச் சொன்னால் எவருக்கும் பொறுப்பே இல்லையா என்று நீ கேட்பாய். எங்கள் வகுப்பிலும் ஒரு பெண் கேட்டாள். என் மட்டில், நீ லேபிளை வாசித்திருக்க வேண்டும், அது உண்மைதான். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் உன்னுடையது களைத்த கண்ணின் பிழை. நான் முழு விழிப்போடு, கதிரையில் நேராக இருந்து, இல்லை என்று சொன்னேன்.

போன கிழமை ஆரையம்பதிக்குப் போய் எங்கள் வார்ட்டுப் பெரிய சிஸ்டரைப் பார்த்தேன். பென்சன் எடுத்த பிறகு ஆள் மெலிந்துவிட்டா. எல்லாவற்றையும் சொன்னேன், தேத்தண்ணிக் கதை உட்பட. ஏசுவா என்று நினைத்தேன். நீல வளையம் எந்தப் பக்கம் இருந்தது என்று இரண்டு தடவை கேட்டா. பிறகு நெடுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரஞ்சிக்கு எத்தனை பிள்ளைகள்?" என்றா. மூன்று என்றேன்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. பட்டத்துக்கு ஒரு ஆய்வு எழுத வேண்டும். வார்ட்டு ட்ரொலிகளில் மருந்து அடுக்கும் முறையையும் ஒரேமாதிரி அம்பியூல்களையும் எடுத்திருக்கிறேன். அதில் அந்த இரண்டு இரவையும் எழுத ஆசை. முதலில் என்னுடைய இரவு, பிறகு உன்னுடையது. பெயர், ஊர், ஆஸ்பத்திரி ஒன்றும் வராது. நீ வேண்டாம் என்றால் உன்னுடையதை விட்டுவிடுவேன், காரணம் கேட்க மாட்டேன். என்னுடையதை எப்படியும் எழுதுவேன். அந்தக் கோப்பில் என் வாக்குமூலத்தைத் திருத்த முடியுமா என்று விசாரித்தேன், இவ்வளவு காலம் போனபின் முடியாதாம். ஆனாலும் எழுதிக் கையெழுத்து வைத்து ஒரு பிரதி உனக்குத் தருவேன். அதை நீ என்ன செய்தாலும் சரி.

ஒரு விசயம் எனக்குத் தெளிவில்லை. மேல் தட்டில் ஃபுரோசமைட் இடப்பக்கம் இருந்தது என்பது என் ஞாபகம். ஆனால் நான் சுவர்ப் பக்கம் நின்று எடுப்பவள், நீ கட்டில் பக்கம் நின்று எடுப்பாய். உன் இடமா, என் இடமா? கண்ணை மூடி யோசித்துப் பார்.

சனிக்கிழமை காலை அக்கரைப்பற்று பஸ்ஸில் வருகிறேன். நீ கடையைத் திறந்து வைத்தாலும் சரி, பூட்டி வைத்தாலும் சரி, வாசலில் நிற்பேன். எருமைத் தயிர் ஒரு சட்டி கொண்டுவருகிறேன். இரண்டு ப்ளவுஸ் துணியும் கொண்டுவருகிறேன், மெஷினில் நூல் மாற்றி வை. கழுத்து போன முறை மாதிரி அவ்வளவு இறக்கம் வேண்டாம்.

அன்புடன்,
கோமதி