ரன்னிங் போர்டை அறுக்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் பட்டறையிலிருந்து அம்பாசடர், பிரீமியர் பத்மினி வண்டிகளுக்குத் தரைத்தகடும் ரன்னிங் போர்டும் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டி) வாங்கிப்போய் வீட்டிலேயே வெல்டு வைக்கிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். பெரும்பாலும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகள். கழுவித் துடைத்தபோது நன்றாகத்தான் இருந்தன. பெட்டி போல மூடிய பாகங்களுக்குள் தங்கிய சேறு இப்போதுதான் பெயிண்டில் கொப்புளமாகத் தெரிகிறது.

போன மாதம் ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, நீங்க குடுத்த போர்டு சரியில்ல, கதவு அடைக்கவே மாட்டேங்கு." போய்ப் பார்த்தோம். போர்டில் குறையில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் அறுத்திருந்தார். வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. பட்டறைக்குக் கொண்டுவந்து ஜாக்கி வைத்து நிமிர்த்தி, புதுப் போர்டு இரண்டையும் மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று. தகட்டைக் கையில் கொடுக்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தவறு.

இந்த இரண்டு வண்டிக்கும் லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடியேதான் சேஸ். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டி, வீட்டுக்கு உத்திரம் மாதிரி. (ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அடியில் தனிச் சேஸ் உண்டு; அவர்களுக்கு இந்தப் பயம் குறைவு.)

அதனால் கதவைக் கழற்றாமல், சுற்றியுள்ள இடைவெளியை முதலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன் தூண், நடுத்தூண், பின் தூண் மூன்றையும் இணைத்து, கதவு அடைபடத் தடையில்லாமல் உள்பக்கமாக ஆங்கிள் இரும்பை டாக் (சின்னப் புள்ளி வெல்டு) வையுங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் அறுங்கள். அது முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். புதுப் போர்டைக் கிளாம்பில் பிடித்து, கதவை அடைத்து, எழுதிய அளவோடு ஒத்துப் பார்த்துவிட்டு வெல்டைத் தொடங்குங்கள்.

20 கேஜ் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரே ஓட்டமாக இழுத்தால் சூட்டில் நெளிந்துவிடும். சி.ஓ.டூ வெல்டிங்கில் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று ஆறவிட்டு வையுங்கள்.

எவ்வளவு அறுப்பது? பளபளவென்று நல்ல இரும்பு வரும்வரை. துருவின் மேலேயே தகட்டைப் போர்த்திப் பட்டி பூசினால் நடுவில் தண்ணீர் நின்று, அடுத்த மழைக்காலத்திலேயே காட்டிக்கொடுக்கும். பழைய பட்டி எங்கே இருக்கிறது என்று சந்தேகமிருந்தால் துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது.

பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வைத்த பிறகே பொறி பறக்கும் வேலை. காலி டேங்குதானே என்று இருந்துவிடாதீர்கள், உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பேட்டரி வயரையும் கழற்றுங்கள். தரைவிரிப்பை எடுத்துவிட்டு, ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வையுங்கள். சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

முடித்த அன்றே பிரைமர். போர்டின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளைப் பட்டியால் அடைத்துவிடாதீர்கள். உவரி, திருச்செந்தூர் பக்கம் இருப்பவர்கள் பெட்டிக்கு உள்ளேயும் துருத்தடுப்பு மெழுகு அடிப்பது நல்லது; உப்புக்காற்று அங்கே சும்மா விடாது.

தகடு வாங்க வரும்போது பழைய துண்டு எவ்வளவு உளுத்திருந்தாலும் எறியாமல் கொண்டு வாருங்கள், வளைவை அதை வைத்தே பார்த்து அடித்துத் தருவோம். ஆங்கிள் இரும்பும் கிளாம்பும் இனி எங்களிடமே இரவலாகக் கிடைக்கும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
பட்டறையினர்